இங்கே சகோதரி கத்துகிறார்

தொண்டையிலிருந்து கத்துகிறீர்கள், அதுதான் தப்பு. அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். இப்படியே போனால் அடுத்த வாக்கியத்தில் இருமல் வந்துவிடும், பாருங்கள்.

அவள் மனதுக்குள் சொன்னபடியே இருமல் வந்தது. அவள் ஹெட்போனைக் காதிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மறுமுனையில் இருந்தவர் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அவருடைய வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. துணி உள்ளே இருக்கிறது. கண்ணாடி வழியாகத் தெரிகிறது. கதவு மட்டும் திறக்கவில்லை. "உள்ளதான் இருக்கு, கண்ணால பாக்குறேன், எடுக்க முடியலன்னா என்னங்க அர்த்தம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், வேறொரு அலுவலகத்தில்.

"உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது சார்," என்றாள்.

அது வாஷிங் மெஷின் நிறுவனம் சொல்லிக்கொடுத்த குரல். புகார் கேட்கும் அந்தக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த எல்லோரும் சீருடை மாதிரி அதே குரலைத்தான் அணிந்திருந்தார்கள். காலையில் வந்து மாட்டிக்கொள்வாள், மாலையில் கழற்றிவைத்துவிட்டுப் போவாள். வீட்டில் பேசுவதற்கு யாரும் இல்லாததால் தன் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது. அலுவலகத்தில் அவளை மேடம் என்றார்கள். சபையில் சகோதரி என்றார்கள். குட்டி என்று கூப்பிட ஒரே ஒருத்தி இருந்தாள், அவளுடைய அக்கா. அவளைப் புதைத்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது.

ஊரெல்லாம் அவளிடம் கத்துகிறதே, அவள் யாரிடம் கத்துவாள் என்று கேட்கத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை காலையில், சபையில், மைக் முன்னால் நின்று கத்துவாள். அதற்காகக் கைதட்டலும் வாங்கியிருக்கிறாள்.

அந்தக் கதை தெருக்கோடியில் புதிதாக வந்த இன்னொரு சபையில் தொடங்குகிறது. அங்கே கலர் விளக்கு இருந்தது, புகை விடும் கருவி இருந்தது, எனவே வாலிபர்கள் ஒவ்வொருவராக அங்கே இரட்சிக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் போகும் சபையின் பாஸ்டர் கவலைப்பட்டார். ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தவர், கர்த்தர் இந்தத் தலைமுறையோடு ஹார்ட் ராக் இசையின் மூலமாக இடைப்படுகிறார் என்று பிரசங்க பீடத்திலிருந்து அறிவித்தார். நிலவறையில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், டிரம்ஸ் வந்து இறங்கியது.

டிரம்ஸ் வாசித்தவனை எல்லோரும் இடி என்றார்கள். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன். நாள் முழுக்க மெதுவா, மெதுவா என்று சொல்லியே அவன் நெஞ்சு அடைத்துப்போயிருந்தது. கிதார் வாசித்தது அவன் மச்சான். மச்சான் பேசவே மாட்டான். அவன் பேச வேண்டியதையும் சேர்த்துக் கிதார் பேசியது. பாடுவதற்கு ஒரு இளைஞன் இருந்தான், இரண்டாவது மாதமே தெருக்கோடிக்குப் போய்விட்டான்.

அவள் அப்போது பாடற்குழுவின் பின்வரிசையில் நின்று, உதடு அசைவதே தெரியாமல் பாடுகிறவள். ஒரு மாலை பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் வைக்க நிலவறைக்கு இறங்கினாள். ஆளில்லாத மைக்கைச் சுற்றி மாமனும் மச்சானும் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, சும்மா வார்த்தைய மட்டும் சொல்லுங்க. பாட்டுல எங்க நிக்கிறோம்னே தெரியல," என்றான் இடி.

அக்கா என்று கூப்பிட அவளுக்கு ஆள் இல்லாமல் போன பிறகு, அவளை அக்கா என்று கூப்பிட ஒருவன் வந்திருந்தான். அதற்காகவே மைக்கிடம் போனாள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது சொல் இல்லை. எங்கேயோ அடியில் கிடந்த ஒன்று படியேறி வந்து, கதவை முட்டித் திறந்துகொண்டு வெளியே போன மாதிரி இருந்தது. இடியின் கையிலிருந்து குச்சி விழுந்தது. ஜெனரேட்டர் வெடித்துவிட்டதோ என்று பாஸ்டர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். மச்சான் அன்றுதான் பேசினான். "இன்னொரு தடவை," என்றான்.

அடுத்த வாரம் அவளே ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தாள். மூன்றே வரி.

தட்டினேன்.
திறக்கவில்லை.
உள்ளே இருக்கிறீர், எனக்குத் தெரியும்.

முதல் இரண்டு வரிகளைச் சாதாரணமாகச் சொல்லுவாள். மூன்றாவதில் கடைசிச் சொல்லை எடுத்தாளென்றால் மூச்சு முடியும்வரை விடமாட்டாள். அந்தச் சொல்லில் எழுத்தெல்லாம் உதிர்ந்துபோய்ச் சத்தம் மட்டும் நிற்கும்.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அக்கா படுக்கையில் இருந்த மாதங்களில் சபையிலிருந்து செயலாளரம்மா வாராவாரம் திராட்சைப் பழத்தோடு வருவார். நல்ல மனுஷி. வாசலில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா முன்னால் அழக் கூடாது, அழுதால் அவளுடைய விசுவாசம் தளர்ந்துபோகும் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போவார். அவள் அழவில்லை. அழுகை வந்தால் பால்கனியில் இருக்கும் வாஷிங் மெஷினில் துணியே போடாமல் ஓட்டிவிட்டு, அது உறுமும் நேரத்துக்குள் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள். அக்காவும் அழவில்லை. ஆனால் அடிக்கடி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர் வாளி நிறைந்து வழிந்து ஓடும். இவள் கதவைத் தட்டுவாள். உள்ளேயிருந்து பதில் வராது. உள்ளே இருக்கிறாள் என்று இவளுக்குத் தெரியும். வெளியே நிற்கிறாள் என்று அவளுக்கும் தெரியும்.

அடக்கத்தன்று செயலாளரம்மா எல்லோர் முன்னாலும் அவளை அணைத்துக்கொண்டார். "உங்கக்காகிட்டயும் தனியா சொல்லிருந்தேம்மா, தங்கச்சி முன்னால அழாத, அவ தளர்ந்துடுவான்னு. ரெண்டு பேரும் என் சொல்லக் கேட்டீங்க. எப்பேர்ப்பட்ட சாட்சி," என்றார். சுற்றியிருந்தவர்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். அவளும் சொன்னாள். எந்தக் குரலில் சொன்னாள் என்று கேட்டால், மெஷின் கம்பெனிக் குரலில்தான்.

பாட்டு முதல் ஞாயிறு அரங்கேறியபோது முன்வரிசையில் ஒரு மூப்பரின் காதுக் கருவி விசிலடித்தது. அது பாட்டின் குற்றமா, கருவியின் குற்றமா என்று விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். அந்த வாரமே மூப்பரின் பேரன் கருவிக்கு பேட்டரி மாற்றினான், விசில் நின்றுவிட்டது. குழு நிற்கவில்லை. அதற்கு இசை ஒழுங்குக் குழு என்று பெயர் வந்தது, ஒரு மேசை வந்தது, மேசைக்கு விரிப்பு வந்தது. பத்திர வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஒருவர் தலைவரானார். எந்த வாக்கியத்தை நீட்டினாலும் அதில் வில்லங்கம் இருக்கிறதா என்று பார்ப்பது அவருக்குக் கைப்பழக்கம். செயலாளரம்மா அங்கும் செயலாளரம்மாவே. மூன்றாவது உறுப்பினர், விசிலடித்த மூப்பர்.

குழுவின் முதல் வேலை, ஒலி அளக்கும் மானி ஒன்று வாங்கியது. கையடக்கமானது. முள் ஓடும் இடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள். பச்சை என்றால் ஆவி, மஞ்சள் என்றால் ஆத்துமா, சிவப்பு என்றால் மாம்சம் என்று தலைவர் விளக்கினார். மானியை மூப்பர் கையில் கொடுத்தார்கள். அவருக்குக் காது கேட்காது என்பதால் பாரபட்சம் இருக்காது.

முதல் நாளே சிக்கல் வந்தது. பாஸ்டர் பிரசங்கத்தில் நரகத்தைப் பற்றிப் பேசும்போது முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. குழு கூடி ஆலோசித்து, பிரசங்க வேளையில் மானியை அணைத்துவைப்பது என்று ஏகமனதாக முடிவு செய்தது. ஒரு கைக்குழந்தையும் சிவப்பைத் தொட்டது. அதன் தாயிடம் அன்பாகப் பேசினார்கள்.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள்.

"நாங்க கத்துறதுக்கு எதிரானவங்க இல்ல சகோதரி," என்று தலைவர் ஆரம்பித்தார். "நானே வீட்டுல கத்துவேன். ஆனா நான் என்ன கத்துறேன்னு எங்க வீட்டம்மாவுக்குத் தெளிவா கேக்கும். இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை புரியலன்னு அவங்க சொன்னதில்ல. அங்கதான் வித்தியாசம்."

அடுத்து, கத்தல் யாரை நோக்கியது என்று கேட்டார். சாத்தானை நோக்கியது என்றால் தாராளமாக அனுமதி உண்டு. பாவத்தை நோக்கியது என்றால் அளவோடு. மதில்களை நோக்கியது என்றால், ஜனங்கள் கத்தி மதில் இடிந்து விழுந்த முன்மாதிரி வேதத்தில் இருக்கிறது, ஆனால் மதில் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

அவரை நோக்கித்தான், என்று அவள் உள்ளே சொன்னாள். வேறு யாரை நோக்கிக் கத்த? சாத்தானோடு எனக்கு என்ன பேச்சுவார்த்தை? அவன் என் வீட்டுக்கு வந்ததுகூட இல்லை. வருவேன் என்று சொல்லியிருந்தவர் ஒருவர்தான்.

வெளியே, "பொதுவாத்தாங்க," என்றாள்.

செயலாளரம்மா பொது என்று எழுதிக்கொண்டார்.

பாட்டை எடுத்தார்கள். தலைவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு மூன்று வரியையும் மூன்று முறை படித்தார். முதல் வரியில் ஆட்சேபம் இல்லை. இரண்டாவது வரி முழு வில்லங்கம். கர்த்தர் கதவைத் திறக்கவில்லை என்று சபையில் பகிரங்கமாகச் சொல்லுவது விசுவாசிகளுக்கு இடறல். தாமதம் என்றுகூடச் சொல்ல முடியாது, தாமதம் என்றால் குறித்த நேரம் ஒன்று இருந்ததாக ஆகிவிடும்.

"அதிகபட்சம் அழைப்பு மணி பழுதுன்னு வச்சுக்கலாம்," என்றார் தலைவர், சமரசமாக.

மூப்பர் கூட்டங்களில் பேட்டரியை மிச்சப்படுத்தக் கருவியை அணைத்துவைத்துவிடுவார். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

பழுதான மணி சபைக் கட்டடப் பராமரிப்பைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளப்படும் என்று செயலாளரம்மா பயந்ததால், கடைசியில் வரி இப்படித் திருந்தி வந்தது: தட்டினேன், உடனே திறந்தது, உள்ளே இருக்கிறீர், எனக்குத் தெரியும்.

நிலவறையில் அதை வாங்கிப் படித்த இடி குச்சிகளைக் கீழே வைத்தான். "உடனே தெறந்துட்டா, அப்புறம் நாம எதுக்குக்கா டிரம்ஸ் அடிக்கிறோம்?" என்றான்.

இருந்தாலும் அவள் ஒத்துக்கொண்டாள். மூன்றாவது வரியைத் தொடவில்லையே என்று நினைத்தாள். அந்த ஒரு சொல் கையில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

அந்தச் சொல்லுக்குத்தான் ஆபத்து வந்தது. அவள் அதை எடுக்கும்போது என்ன சொல்லுகிறாள் என்பதே விளங்கவில்லை என்று குழுவுக்குப் புகார்கள் போயின. தெரியும் என்கிறாளா, தெரியாது என்கிறாளா? இரண்டுக்கும் நித்திய ஜீவன் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது என்று தலைவர் சொன்னார். ஆகவே பாடும்போது பக்கத்தில் இன்னொருவர் நின்று, வரிகளைச் சபைக்குத் தெளிவாக வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. அந்தப் பதவிக்குப் பொருளுரைப்பவர் என்று பெயர்.

ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்து ஓய்வு பெற்ற ஒருவர் சபையில் இருந்தார். மனைவி போய், மகள் தூரதேசத்தில் இருக்க, நாளிதழை உரக்க வாசித்துப் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தவர். அவரைத் தேடிப் போய்ச் சொன்னபோது கண் கலங்கிவிட்டதாம். அடுத்த ஞாயிறே இஸ்திரி போட்ட கோட்டோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் இரண்டாவது மைக்கில் நின்றார். இடி நாலு தட்டுத் தட்டி எண்ணிக்கை கொடுத்தான். கிதார் கிழித்துக்கொண்டு எழுந்தது. அதன் நடுவே, ஏற்றமும் இறக்கமும் இல்லாத, ஊருக்கே பழக்கமான அந்தக் குரல் எழுந்தது.

"கவனிக்கவும். தட்டினேன். உடனே திறந்தது. உள்ளே இருக்கிறீர். எனக்குத் தெரியும்."

கவனிக்கவும் என்பது குழு எழுதிக்கொடுத்ததில்லை. அது அவருக்குத் தானாக வந்துவிடும். இன்னொரு பாட்டில், பாவத்தின் கட்டுகள் அறுபடும் என்ற இடத்தில், இன்னும் சற்று நேரத்தில் என்பதையும் சேர்த்துக்கொண்டார். சபைக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. இப்போதுதான் பாட்டு புரிகிறது என்று வயதான பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாண வீடுகளிலிருந்து அழைப்பு வந்தது. தெருக்கோடிச் சபையிலிருந்துகூட இரண்டு பேர் அவரைக் கேட்கவென்று திரும்பி வந்தார்கள்.

அவளுடைய குரல் அவருடையதை மறைக்கிறது என்பது அடுத்த குறை. அவர் வரியை முடித்த பிறகு அவள் கத்தட்டும் என்றார்கள். அவர் முடிப்பதற்குள் தாளம் நாலு வீடு தள்ளிப் போயிருக்கும். அப்படியென்றால் மெதுவாகக் கத்தட்டும் என்றார்கள். மெதுவாகக் கத்துவது எப்படி என்று இடி கேட்டதற்கு, விசுவாசத்தோடு கத்தினால் முடியும் என்று பதில் வந்தது. பிறகு அவளுடைய மைக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்தார்கள். பிறகு அதன் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள், ஆனால் மைக்கை எடுக்கவில்லை, அது நிற்பது மேடைக்கு ஒரு அழகு.

கடைசியாக, அவள் கத்தத் தேவையில்லை, அதைப் பொருளுரைப்பவரே அறிவித்துவிடலாம் என்று குழு கண்டுபிடித்தது.

அந்த ஞாயிறு அவள் மைக் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பொருளுரைப்பவர் மூன்று வரியையும் வாசித்துவிட்டு ஒரு கணம் நிறுத்தினார்.

"இங்கே சகோதரி கத்துகிறார்," என்றார்.

சபை தலையசைத்தது. இரண்டாவது வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூப்பர் மானியைத் தூக்கிப் பார்த்தார், முள் பச்சையில் படுத்திருந்தது. தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம், இப்போதுதான் இந்தக் கத்தல் எல்லோரும் ரசிக்கும்படி இருக்கிறது என்றார்.

அன்று ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அவள் ஜன்னல் ஓரமாக நின்றாள். பொருளுரைப்பவர் தம் ரசிகர்களிடமிருந்து விடுபட்டு அவளிடம் வந்தார். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, அது ஊறி விழுவதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என்மேல கோபமா இருப்பீங்க."

இல்லை என்றாள். உண்மையாகவே இல்லை.

"வேலையில இருந்தப்ப ஒரு விதி உண்டும்மா. வண்டி வரவே வராதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா தாமதம்னுதான் வாசிக்கணும். வராதுன்னு சொன்னா ஜனங்க கத்துவாங்க, கண்ணாடிய ஒடப்பாங்க. தாமதம்னா உக்காந்துருவாங்க. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். பொட்டி மேல தலைய வச்சுத் தூங்குவாங்க, விடியுற வரைக்கும்." பிஸ்கட் கோப்பைக்குள் விழுந்தது. "அவங்க யாரும் என்னைப் பாத்ததில்ல. இங்கதான் மொதல்முதலா என் மூஞ்சிய பாக்குறாங்க. அதான் விட மனசில்ல."

உங்கள் சிரமம் புரிகிறது என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லாமல் தன் தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சமையலறை நடுவில் நின்று வாயைத் திறந்து பார்த்தாள். காற்று வந்தது. அவ்வளவுதான். பல வாரம் அடைத்துவைத்ததில் அது மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது போலிருந்தது. குளியலறைக் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது. இருந்தும் போய், கதவை இழுத்துச் சாத்தி, விரல் மடக்கி இரண்டு தட்டு தட்டினாள். தட்டுவதற்கு ஒரு கதவாவது வேண்டியிருந்தது.

பல சபைகள் ஒன்றுகூடும் பேரவை அந்த மாதக் கடைசியில் வந்தது. உரத்த இசையை வெற்றிகரமாக ஒழுங்குபடுத்திய முன்மாதிரிச் சபை என்று அவளுடைய சபையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தலைவர் அவளை அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பேரவை மேடையில் அவள் ஒரு சாட்சி சொல்ல வேண்டும். நீளமாக ஒன்றும் இல்லை. சமாதானம் இல்லாததால் முன்பு கத்தினேன், இப்போது சமாதானம் கிடைத்துவிட்டது, இனிக் கத்த ஒன்றுமில்லை. அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று அவரே கேள்வியாகக் கேட்பார், அவள் ஆமாம் என்றால் போதும். இதற்குக் கைம்மாறாக, நிலவறையும் டிரம்ஸும் இந்த ஆண்டும் தொடரலாம். இல்லாவிட்டால் நிலவறையை நாற்காலி அடுக்கும் அறையாக மாற்றும் யோசனை ஒன்று மேசையில் இருக்கிறது.

"உங்க கத்தல் எங்களுக்கு ஒரு ஆசீர்வாதம் சகோதரி," என்றார் தலைவர் எழுந்து கைகுலுக்கிக்கொண்டே. "அது இல்லன்னா இந்தக் குழுவே இருந்திருக்காது."

பேரவைக்கு இடிதான் அவளை டிரைவிங் ஸ்கூல் காரில் கூட்டிப்போனான். மச்சான் பின்சீட்டில் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது கற்றுக்கொடுக்கும் கார், இரண்டு பக்கமும் பிரேக் உள்ளது. அவள் காலடியில் ஒரு பிரேக் இருந்தது.

"ஒரு வார்த்தைதானேக்கா," என்றான் இடி, சாலையைப் பார்த்தபடி. "ஆமான்னு சொல்லிட்டு வந்துடுங்க. நம்ம ரூமு நமக்கு இருக்கும். கதவச் சாத்திக்கிட்டு நீங்க பாட்டுக்குக் கத்துங்க, யாரு கேக்கப்போறா?"

யாரும் கேட்காமல் கத்துவதற்கு எனக்கு வாஷிங் மெஷின் இருக்கிறதே, என்று அவள் நினைத்தாள். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மாலை அந்த நிலவறையில்தான் அவனும் மூச்சுவிடுகிறான். அவளுக்கும் அக்கா என்ற சொல் அங்கேதான் கிடைக்கிறது. இதையெல்லாம் அவள் எண்ணிப் பார்த்தாள். சரிப்பா என்று சொன்னாள். சொல்லும்போது அப்படியே செய்துவிடத்தான் நினைத்திருந்தாள்.

மண்டபம் பெரியது. சாய்வு நாற்காலிகள், மேடைக்குப் பின்னால் நீலத் திரை. மூப்பர் முன்வரிசை நடுவில் மானியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எல்லோரும் பார்க்கட்டும் என்று அதைக் கேமரா வைத்துத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். தலைவர் பேசினார். இந்தச் சகோதரி ஒரு காலத்தில் எப்படிச் சிவப்பில் இருந்தார், குழு பொறுமையோடு உழைத்து எப்படி அவரை மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து பச்சைக்கும் கொண்டுவந்தது என்று சொன்னார். இழப்பு என்பது ஒரு ஒலிதான், சரியாக நிர்வகித்தால் அதைக் குறைத்துவிடலாம் என்றும் சொன்னார். கைதட்டினார்கள், முள் மஞ்சளுக்குப் போய்த் திரும்பியது. செயலாளரம்மா மேடைப் படியில் நின்று அவளுடைய சேலைத் தலைப்பைச் சரிசெய்து, காதருகில் குனிந்தார்.

"அழுதுடாதம்மா," என்றார். "கேக்குறவங்க தளர்ந்துடுவாங்க."

அந்தக் கைவிரல்களில் திராட்சைப் பழ வாசனை இல்லை. இருந்தும் அவளுக்கு வந்தது. குழாய் திறந்து வாளி வழியும் சத்தம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, இத்தனை நாற்காலிகளுக்கு முன்னால், நான் இன்னொரு முறை மெஷினை ஓட்டப்போகிறேன் என்று நினைத்தாள்.

இந்த முறை மைக்குக்கு இணைப்பு கொடுத்திருந்தார்கள். இரண்டாவது மைக்கில் பொருளுரைப்பவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். மேடையில் எது பேசப்பட்டாலும் அதைச் சபைக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

"சொல்லுங்க சகோதரி," என்றார் தலைவர் மண்டபத்தைப் பார்த்து. "இப்போ சமாதானமா இருக்கீங்கதானே?"

அவள் மைக்கைப் பார்த்தாள். கத்தினால் வரும் என்று தோன்றியது, அடியிலே அது புரண்டு படுப்பது தெரிந்தது. அதை இவர்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. கம்பெனிக் குரலைத் தேடினாள், அதை மாட்டிக்கொள்ளவும் மனம் வரவில்லை. மிச்சம் இருந்தது ஒரு சின்னக் குரல், உபயோகிக்காமல் கிடந்து கரகரத்துப்போனது. வீட்டில் அக்காவோடு பேசுகிற குரல்.

"இல்லைங்க," என்றாள்.

பின்வரிசைக்கு அது கேட்டிருக்காது. தலைவர் புன்னகை மாறாமல் பொருளுரைப்பவரைப் பார்த்தார், அவர் எப்படியாவது சமாளிப்பார் என்று. பொருளுரைப்பவர் அவளைப் பார்த்தார். நடுவில் அறிவிப்பு அறைக் கண்ணாடி இல்லாமல், பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு மைக்கிடம் குனிந்து, மண்டபத்தின் கடைசி நாற்காலிவரை போகும் அந்தக் குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் வாசித்தார்.

"கவனிக்கவும். சகோதரி, இல்லை என்கிறார்."

யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சகோதரி கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, இன்னொரு முறை கேட்கலாம் என்றார். கேட்டார். இந்த முறை ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்று கேள்விக்குள்ளேயே பதிலையும் சேர்த்துக் கேட்டார்.

"வேண்டாங்க," என்றாள் அவள்.

"வேண்டாம் என்கிறார்," என்று பொருளுரைப்பவரின் குரல் மண்டபம் முழுக்க ஒலித்தது.

அவளுக்குப் பின்னால் இடி குச்சிகளைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான். அந்தச் சத்தத்துக்குத் திரையில் முள் லேசாக ஒரு துடி துடித்தது. அவன் கோபமா, வருத்தமா என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. நிலவறை போயிற்று. இனி அக்கா என்று யார் கூப்பிடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள். செயலாளரம்மா நகர்ந்து வழிவிட்டார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே இருந்த நீளமான பாதையில் அவள் தனியாக நடந்தாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் கூட எழுந்து வரவும் இல்லை.

முன்வரிசையில் மூப்பர், நடந்தது ஒன்றும் கேட்காதவராக, மானியை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு முறை பேசியும் முள் பச்சையைவிட்டு நகரவில்லை.